ஜெசிந்தா அக்காவின் கை

கொட்டாரப்பாறையில் காலை ஏழு மணி வரை இலக்குப் பலகைகள் கண்ணுக்குத் தெரியாது. மலையிலிருந்து இறங்கி வரும் பனி சுடுதளம் முழுவதையும் நிரப்பிக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே காற்றாலைகளின் இறக்கைகள் மட்டும், தண்டே இல்லாதவை போல, வானத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் பயிற்சிக் காவலர்கள் வரிசையாக உட்கார்ந்து உறையை மாட்டிக்கொள்வார்கள்.

சாம்பல் நிற உறை. முழங்கை வரை ஏறும். அதன் உள்பக்கம் முடியைவிட மெல்லிய இழைகள் ஓடும். எப்போது பிடியை இறுக்குவது, எப்போது தளர்த்துவது, மூச்சின் எந்த இடத்தில் விசையை அழுத்துவது என்பதையெல்லாம் அந்த இழைகள் தசைக்குச் சொல்லிக்கொடுக்கும். நாற்பது நாள் அப்படி. அதன் பிறகு உறை வேண்டியதில்லை. கை தானாகவே செய்யும்.

அந்த உறையில் பதிவாகியிருப்பது சப்-இன்ஸ்பெக்டர் ஜெசிந்தாவின் கை என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் மலைப்பாதைச் சோதனைச் சாவடியில், தடுப்பை உடைத்துக்கொண்டு வந்த கடத்தல் வண்டி மோதி அவள் இறந்துபோனாள். மாநிலத்திலேயே அவளைப் போல் சுடுகிறவர்கள் கிடையாது. அவள் கை வீணாகப் போகக் கூடாது என்று துறை நினைத்தது. சாவதற்கு ஒரு வாரம் முன்னால் எடுத்த பதிவை எல்லா உறைகளிலும் ஏற்றினார்கள். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அதற்கு 'அக்கா கை' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கைக்கு ஒரு குணம் இருந்தது. வட்டப் பலகையைச் சுடும்போது தங்குதடையில்லாமல் சுடும். மனித உருவம் போட்ட பலகை எழுந்தால் மட்டும் விசையின் மேல் ஒரு கணம் நிற்கும். மிகச் சின்னக் கணம். பிள்ளைகள் அதை 'அக்கா பொறுமை' என்பார்கள். "அக்கா யோசிக்கச் சொல்றாங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

பயிற்சி ஆசிரியர் பேச்சிமுத்து இதைக் கேட்கும்போதெல்லாம் காதில் விழாதவர் போல் குண்டுப் பெட்டிகளை எண்ணத் தொடங்குவார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. பதினேழு வருடமாக இந்தச் சுடுதளத்தில்தான் வேலை.

கனவைப் பற்றி முதலில் அவரிடம் கேட்டது வைரமணி என்ற பெண். உறை மாட்டிய மூன்றாவது வாரம் அது. பனிக்குள் நின்றுகொண்டு, கையைத் தேய்த்தபடியே கேட்டாள்.

"சார், இந்த உறை போட்டா கனவு வருமா?"

"என்ன கனவு?"

"யாரோ ஒருத்தர் எதிர்ல வந்து மெதுவா கையைத் தூக்குதாங்க. கையில என்ன இருக்குன்னு தெரியல. நான் துப்பாக்கியை நீட்டிக்கிட்டு நிக்கேன். விரல் மட்டும் ஐஸ் மாதிரி சில்லுன்னு ஆயிருது. யாருன்னு உத்துப் பார்த்தா எங்கம்மா."

அவளோடு தங்கியிருந்த மற்ற பெண்களுக்கும் அதே கனவு வந்தது. ஒருத்திக்குத் தாய்மாமன். இன்னொருத்திக்கு ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த டீச்சர். எதிரில் நிற்பவர் எப்போதும் தெரிந்தவராகவே இருந்தார்.

"உறை கனவையெல்லாம் கொண்டுவராதும்மா. கைக்கு மட்டும்தான் அது" என்றார் பேச்சிமுத்து. அவர் சொன்னது உண்மை. ஆனால் அன்று மதியம் அவரால் சாப்பிட முடியவில்லை.

வைரமணி பயிற்சி முடித்துப் போய் ஏழு மாதம் ஆனபோது அந்தச் செய்தி வந்தது. மனைவியை வெட்டிவிட்டு நாட்டுத் துப்பாக்கியோடு வீட்டுக்குள் ஒளிந்திருந்தவனைப் பிடிக்கப் போயிருக்கிறாள். பட்டப்பகல். கதவைத் திறந்துகொண்டு அவன் வெளியே வந்தான். வைரமணிதான் முதலில் துப்பாக்கியை எடுத்தாள். அவள் விரல் விசைக்குப் போய் நின்றது. அவன் சுட்டுவிட்டான்.

இருபத்துநான்கு வயது. பேச்சிமுத்து சீருடையோடு போய் மரியாதை வரிசையில் நின்றார். மூன்று முறை வானத்தை நோக்கிச் சுட்டார்கள். சுட்டவர்களில் நான்கு பேர் அவரிடம் படித்தவர்கள். நான்கு கைகளும் ஒரே மாதிரி உயர்ந்தன, ஒரே மாதிரி இறங்கின. அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து டி.எஸ்.பி. நசீமா பேகம் கொட்டாரப்பாறைக்கு வந்தார். அதட்டாத, நிதானமான அதிகாரி. பேச்சிமுத்துவை அறைக்குள் உட்கார வைத்து, திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார்.

"மேல இருக்கறது வைரமணியோட துப்பாக்கிப் பிடியில பதிவானது. கீழ இருக்கறது உறையில இருக்கற பதிவு. பாருங்க."

இரண்டும் ஒன்றாக ஏறின. ஒரே இடத்தில் தட்டையாக நின்றன. பிறகுதான் மேலே இருந்த கோடு அறுந்துபோயிருந்தது.

"ஒரு செகண்டுல பத்துல நாலு பங்கு" என்றார் நசீமா. "உறையைப் பத்திக் காகிதத்துல எழுதினதெல்லாம் படிச்சிட்டேன். நீங்க உங்க வாயால சொல்லுங்க."

"பாட்டு வாத்தியார் பிள்ளை கையைப் பிடிச்சுத் தாளம் போட வைப்பாருல்லா மேடம், அது மாதிரிதான். ஒருத்தர் அறுநூறு தடவை சுட்டதை இது ஞாபகத்துல வச்சுக்கிடும். அடுத்த ஆள் மாட்டுனா, அவங்க கையைப் பிடிச்சு அதே மாதிரி சுட வைக்கும்."

"சுடாம இருக்கவும் வைக்குமா?"

"வைக்கும் மேடம்."

"ஜெசிந்தா ஏன் தயங்கினாங்கன்னுதான் எனக்குப் புரியல. அவங்க பழைய தேர்வுப் பதிவையெல்லாம் தேடி எடுத்துப் பார்த்தேன். மனித உருவத்துக்கும் வட்டப் பலகைக்கும் அவங்க கையில வித்தியாசமே இல்ல. இந்த ஒரு பதிவுல மட்டும் எப்படி வந்துச்சு? பதிவு எடுத்த அன்னிக்கு அவங்ககூட இருந்தவங்கள்ல இப்ப மிச்சம் நீங்க ஒருத்தர்தான்."

"நாளைக்குச் சொல்லுதேன் மேடம்" என்றார்.

நசீமா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சரி. நாளைக்கு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் பேச்சிமுத்து ஜெசிந்தாவின் கணவனைத் தேடிப் போனார். அந்தோணி குரூஸ் காற்றாலை இறக்கைகளைப் பழுது பார்க்கிறவன். கயிற்றில் தொங்கியபடி வேலை செய்கிறவன். ஒரு காற்றாலையின் அடியில், பனியில் நனைந்த கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே இறக்கைகள் நின்றுபோயிருந்தன. ஒன்றின் நுனி பனிக்குள் மறைந்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி. விசாரணைக்கு வந்திருக்காங்களாமே. அவ பதிவை அழிச்சிருவாங்களா?"

"தெரியல தம்பி."

"போன வாரம் கடைத்தெருவுல ஒரு போலீஸ்காரப் பையன் டீ குடிச்சிட்டு நின்னான். குடிக்கறதுக்கு முன்னாடி பெருவிரலால கிளாஸை ரெண்டு தட்டு தட்டுனான். ஜெசி அப்படித்தான் தட்டுவா, கிளாஸானாலும் துப்பாக்கிப் பிடியானாலும். நான் அப்படியே நின்னுட்டேன். இந்த ஆறு வருஷத்துல பத்தொம்பது பேர்கிட்ட அதைப் பார்த்திருக்கேன். சர்ச்சுல ஒரு பொண்ணு. ரயில்ல ஒருத்தர். அவங்களுக்குத் தெரியாது. நான் பார்த்துட்டுப் பேசாமப் போயிருவேன்."

பேச்சிமுத்துவுக்கு, இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"தம்பி, அது அவ கை இல்ல. என் கை."

அந்தோணி கயிற்றைக் கீழே வைத்தான்.

"பதிவு எடுக்கற அன்னிக்கு அவளால துப்பாக்கியைத் தூக்கக்கூட முடியல. சாயந்தரத்துக்குள்ள பதிவு சென்னைக்குப் போயாகணும்னு நெருக்கினாங்க. 'அண்ணாச்சி, இப்போதைக்கு நீங்க போட்டுக் குடுங்க, அடுத்த வாரம் நான் வந்து மாத்தித் தாரேன்'னு சொன்னா. அவ பேர்ல நான் சுட்டேன். அடுத்த வாரம் அவ இல்ல. அதுக்குப் பிறகு எல்லாரும் அவ கைன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. நீங்களும் வந்து நின்னீங்க. என்னால வாயைத் திறக்க முடியல."

காற்று மெல்ல எழுந்து, பனி அவர்களுடைய முழங்காலைச் சுற்றி நகர்ந்தது.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றான் அந்தோணி.

பேச்சிமுத்து நிமிர்ந்தார்.

"அந்த வாரம் முழுக்க அவளுக்கு மணிக்கட்டு வீங்கிக் கிடந்துச்சு. நான்தான் எண்ணெய் தேய்ச்சு விட்டேன். சோறு பிசையக்கூட முடியாம ஸ்பூன்ல சாப்பிட்டா. அந்தக் கையால அறுநூறு தடவை எப்படிச் சுட்டிருப்பா?"

"பிறகு ஏன் தம்பி கேக்கல?"

"கேட்டா நீங்க அவ கை இல்லன்னு சொல்லிருவீங்க. சொல்லிட்டா அது இல்லாமலே போயிரும்லா." அந்தோணி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆனா அந்த ரெண்டு தட்டு அவளோடதுதான். அது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

பேச்சிமுத்து தன் பெருவிரலைப் பார்த்தார். தனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே அவருக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"எட்டு வருஷம் பக்கத்துல நின்னேன் தம்பி. ஒட்டிக்கிட்டிருக்கும்."

அந்தோணி தலையசைத்தான். "போய்ச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு செத்துப் போச்சு. அவங்க வீட்டுல ஏன்னு தெரிஞ்சாகணும்."

அன்று காலை பதினொரு மணிக்கு நசீமாவின் முன் பேச்சிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். நசீமா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"உங்க கை ஏன் நிக்குது?"

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"பதினேழு வருஷம் ஆச்சு மேடம். ஆயுதத்தோட தப்பி ஓடின ஒருத்தனைத் தேடிட்டு இருந்தோம். பச்சைக் கட்டம் போட்ட சட்டைன்னு வயர்லெஸ்ல சொன்னாங்க. பஸ் ஸ்டாண்டுல அதே மாதிரி சட்டையோட ஒருத்தர் நின்னாரு. கையைத் தூக்குன்னு கத்தினேன். மழை பெய்ஞ்சுட்டு இருந்துச்சு, அவருக்குக் கேட்டுச்சோ என்னவோ. பைக்குள்ள கையை விட்டு எதையோ எடுத்தாரு. சுட்டுட்டேன். எடுத்தது போனு. கீழ விழுந்த பிறகும் அது அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு."

"விசாரணை நடந்துச்சா?"

"நடந்துச்சு. என் மேல தப்பு இல்லன்னாங்க. டாக்டர் ஒருத்தர் ரெண்டு தடவை கூப்பிட்டுப் பேசினாரு. தூக்கம் வருதான்னு கேட்டாரு. வருதுன்னு சொன்னேன். களத்துக்கு வேண்டாம்னு இங்க அனுப்பினாங்க. பலகையைச் சுடறதுல எனக்குப் பிரச்சினை இல்ல. மனுஷ உருவம் எழுந்தா மட்டும் அவரா இருக்குமோன்னு விரல் நின்னுரும். பதிவுக்கு உறையைப் போட்ட அன்னிக்கு, விரல் நிக்கறதும் அதுல பதியும்னு நான் நினைக்கல. என் பயத்தைத்தான் மேடம் இந்தப் பிள்ளைங்க ஆறு வருஷமா பொறுமைன்னு சொல்லிட்டு இருந்தாங்க."

நசீமா எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே வெயில் வந்துவிட்டது. இலக்குப் பலகைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கோங்க. உங்ககிட்டப் படிச்ச ஆயிரத்து நூறு பேரோட துப்பாக்கிப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். களத்துல விரல் விசைக்குப் போய் நின்ன இடம் எல்லாத்தையும். அதுல நாப்பத்தொரு இடத்துல எதிர்ல இருந்த ஆள் கையில ஆயுதமே இல்ல. குடை, போன், குழந்தையோட பால் பாட்டில். அந்த நாப்பத்தொரு பேரும் இன்னிக்கு உயிரோட இருக்காங்க."

பேச்சிமுத்து ஜன்னல் வழியே பலகைகளைப் பார்த்தார்.

"இதை உங்களுக்கு ஆறுதலாச் சொல்லல" என்றார் நசீமா. "நாப்பத்தொண்ணையும் ஒண்ணையும் எப்படிப் பக்கத்துல வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. ரெண்டையும் அறிக்கையில எழுதுவேன். மேல இருக்கறவங்க முடிவு செய்யட்டும்."

மேலே இருந்தவர்கள் ஒரு முடிவும் உருப்படியாக எடுக்கவில்லை. இனி வரும் உறைகளில் அந்தத் தயக்கம் இருக்காது என்று ஒரு உத்தரவு வந்தது. ஏற்கெனவே படித்தவர்களில் விரும்புகிறவர்கள் பன்னிரண்டு நாள் மறுபயிற்சிக்கு வந்து அதை நீக்கிக்கொள்ளலாம் என்று இன்னொரு உத்தரவு வந்தது. பதிவு யாருடையது என்ற செய்தியும் அதற்குள் எல்லோருக்கும் போய்விட்டது. ஆயிரத்து நூறு பேரில் முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். மற்றவர்கள் காரணம் எழுதவில்லை. ஒரே ஒருத்தி மட்டும், 'யாருடைய கையாக இருந்தாலும் எனக்குப் பழகிவிட்டது' என்று எழுதியிருந்தாள். பேச்சிமுத்துவைப் பயிற்சியிலிருந்து விலக்கினார்கள். விசாரணை முடியும்வரை சுடுதளத்துக்குள் வரக் கூடாது என்றார்கள்.

அதற்கு அடுத்த நாள் அவர் வைரமணியின் வீட்டுக்குப் போனார்.

மேலக்குளத்தில், ஓட்டு வீடு. வைரமணியின் அம்மா ஆவுடையம்மாள் முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் முறம். சுவரில் மகள் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் யாரென்று தெரிந்ததும், "உக்காருங்க ஐயா" என்றாள். கை நிற்கவில்லை. இலையை எடுத்தது, தூளைப் போட்டது, உருட்டியது, நூலைச் சுற்றியது.

"உங்களைப் பத்திச் சொல்லியிருக்கா. அந்தக் கனவையும் சொன்னா. எதுக்க நான்தான் நிப்பேனாம். 'நான் சுடலம்மா, உன்னைச் சுடவே இல்ல'ன்னு சொல்லிச் சிரிச்சா."

பேச்சிமுத்து அவளிடம் எதையும் மறைக்கவில்லை. உறை, பதிவு, ஜெசிந்தாவின் பெயர், பஸ் ஸ்டாண்டில் பெய்த மழை, பத்தில் நான்கு பங்கு நேரம். அவர் சொல்லி முடிப்பதற்குள் எங்கோ ஓரிடத்தில் அவள் கை நின்றிருந்தது. பாதி சுற்றிய பீடி விரலிடையில் விரிந்துகொண்டது.

"அப்போ எம்மவ கையில இருந்தது உங்க பயம்."

"ஆமாம்மா."

"அவளுக்கு அது தெரியாது."

"தெரியாது."

வாசலில் ஒரு கோழி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மதிய வெயில் அறைக்குள் தரையில் நீண்டு கிடந்தது. ஆவுடையம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், அல்லது வெளியே போகச் சொல்வாள் என்று அவர் காத்திருந்தார்.

"நீங்க சுட்டீயளே, அந்த ஆளு பேரு என்ன?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பதினேழு வருடமாக அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. நசீமாவிடம்கூட.

"மாசிலாமணி."

"எந்த ஊரு?"

"செவல்விளை."

"அவுக வீட்டுக்குப் போனீயளா?"

"இல்லம்மா."

"எம்மவ போய் ரெண்டு மாசங்கூட ஆகல. எங்கிட்ட வந்திருக்கீய. அங்க பதினேழு வருஷமாப் போகல." அவள் குரல் உயரவில்லை. "எங்கிட்ட எதுக்கோ வந்து உக்காந்திருக்கீய, எனக்குத் தெரியுது. எங்கிட்ட இப்ப அது இல்ல ஐயா. பின்னால வருமான்னும் தெரியாது. நீங்க முதல்ல அங்க போங்க."

அவர் எழுந்தார். கும்பிட்டார். அவள் விரிந்துபோன பீடியை உதறிவிட்டுப் புது இலையை எடுத்தாள்.

செவல்விளைக்கு ஓட்டுநர் இல்லாத சிறு பேருந்து ஒன்று போகிறது. அதில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. பனைகளுக்கும் தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கும் நடுவே அது சத்தமில்லாமல் மிதந்து போயிற்று. ஏதோ ஒரு நிறுத்தத்தில் யாரும் ஏறாமலே கதவு திறந்தது, காத்திருந்தது, மூடிக்கொண்டது. பேச்சிமுத்து கண்ணயர்ந்தார். தூக்கத்தில் யாரும் வரவில்லை.

வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பெயரைச் சொன்னதும் ஒரு கடைக்காரர் கையைக் காட்டினார். முப்பது வயது இருக்கும் ஒரு பெண் முற்றத்தில் துணியை விரித்து மிளகாய் வற்றலைப் பரப்பிக்கொண்டிருந்தாள். தகப்பன் இறந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது இருந்திருக்கும் என்று அவர் மனம் தானாகக் கணக்குப் போட்டது.

"யாரு வேணும்?"

"என் பேரு பேச்சிமுத்து" என்றார். அடுத்ததைச் சொல்ல மூச்சை இழுக்க வேண்டியிருந்தது. "மாசிலாமணியைச் சுட்டது நான்தான்."

அவள் கையில் இருந்த மிளகாய்களைத் துணியின் மேல் மெதுவாகப் போட்டாள். உள்ளே போனாள். கதவை மூடிக்கொள்வாள் என்று நினைத்தார். அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு திரும்பி வந்து, அதை வேப்பமர நிழலில் போட்டாள்.

"அம்மா தூங்குதாங்க" என்றாள். "எழுந்ததும் அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். திறந்திருந்த கதவு வழியாக, உள்ளே தூங்குகிறவளின் மூச்சு மெல்லக் கேட்டது.